சேலத்திலிருந்து மச்சு பிச்சு: குறைந்த செலவில் போய்வர அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், கடல் மட்டத்திலிருந்து 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மச்சு பிச்சு. 15-ஆம் நூற்றாண்டில் இன்கா அரசர் பச்சாகுதியின் காலத்தில் எழுந்த கல் நகரம். 1983-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கமிருந்து அங்கே போக ஆசைப்படுபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். பெருவின் பணம் சோல். கணக்குப் பார்க்க 1 சோலுக்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? உண்மையைச் சொல்லுங்கள்.

விமானக் கட்டணம்தான் பெரிய செலவு. இந்தியாவிலிருந்து பெருவின் தலைநகர் லிமாவுக்கு நேரடி விமானம் கிடையாது. போக வர ஒரு லட்சத்துக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். ஒன்றேகால் முதல் ஒன்றரை லட்சம் வரை ஒதுக்கி வையுங்கள். பெருவுக்குள் பத்து நாள் தங்கல், சாப்பாடு, பஸ் எல்லாம் சிக்கனமாகப் பார்த்தால் 30,000 முதல் 40,000 ரூபாய்க்குள் அடங்கும். விசா, இன்சூரன்ஸ், தடுப்பூசி தனி. ஆக, ஒரு ஆளுக்கு ஒன்றே முக்கால் முதல் இரண்டு லட்சம்.

இதில் மச்சு பிச்சுவுக்கு மட்டும் ஆகும் செலவைப் பிரித்துப் பார்க்கலாம். நுழைவுச் சீட்டு 152 சோல். குஸ்கோ நகரிலிருந்து வேனில் போக வர சுமார் 110. அடிவார ஊரில் டார்மிட்டரி படுக்கை இரண்டு இரவுக்கு சுமார் 110. மூன்று நாள் சாப்பாடு 120. மொத்தம் 492 சோல், அதாவது 12,300 ரூபாய். இதே பயணத்தை ரயில், மலையேற்றும் பஸ், தனி அறை என்று செய்தால் செலவு இரண்டரை மடங்குக்கு மேல் போகும். விமானக் கட்டணத்தில் நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். மிச்சம் பிடிக்க வேண்டியது தரையில் இறங்கிய பிறகுதான்.

எந்த மாதம் போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் கூட்டத்தின் உச்சம். ஜூன் 24 அன்று குஸ்கோவில் இன்டி ரைமி என்ற சூரியத் திருவிழா, ஜூலை 28, 29 பெருவின் சுதந்திர தினம். அந்த வாரங்களில் தங்கும் அறை முதல் வேன் வரை எல்லாம் விலை ஏறும். ஜனவரி, பிப்ரவரி இரண்டும் கடும் மழை. சிக்கன வழியே சாலை வழிதான், அந்த மாதங்களில் மண்சரிவால் அதுதான் முதலில் அடைபடும். பணமும் குறைய வேண்டும், வானமும் தெளிய வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி, செப்டம்பர் கடைசி, அக்டோபர். நம் ஊர் கோடை விடுமுறையோடு மே முதல் பாதி பொருந்தி வருவது வசதி.

விசா கஷ்டமா?

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் விசா உங்கள் பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியோடு இருந்தால், சுற்றுலாவுக்கு இந்தியர்களுக்குப் பெரு விசா தேவையில்லை. கம்பெனி வேலையாக அமெரிக்க விசா எடுத்து வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய லாபம். ஆறு மாதத்துக்கு ஒரு வாரம் குறைந்தாலும் பெங்களூரு ஏர்போர்ட் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள், விமானம் ஏற விட மாட்டார்கள். தேதியைப் பலமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லாதவர்கள் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வேலைச் சான்று, தங்குமிட முன்பதிவு, பயணத் திட்டம் ஆகியவற்றைக் கேட்பார்கள். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பி வராத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள். பாஸ்போர்ட்டே இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்றால் சேலத்திலேயே அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, கோவைக்கு அலைய வேண்டாம்.

விலை குறைந்த டிக்கெட் அமெரிக்கா வழியாகக் காட்டுகிறதே, எடுக்கலாமா?

அமெரிக்க விசா இல்லாவிட்டால் எடுக்கவே கூடாது. விமானம் மாறுவதற்குக்கூட அங்கே விசா வேண்டும், ஏர்போர்ட்டுக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருக்கும் ஏற்பாடு கிடையாது. கனடா வழியும் அப்படித்தான். ஐரோப்பா வழியென்றால் நாட்டுக்கு நாடு விதி மாறும். எந்த ஊரில் விமானம் மாறுகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத் தளத்தில், ‘ஏர்போர்ட் டிரான்சிட் விசா’ இந்தியருக்கு உண்டா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

இன்னொன்று. இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டிப் போட்டால் பத்தாயிரம் குறையும் என்று கணக்குப் போடுவார்கள். தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்குக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு முழு விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் வீண். பெங்களூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம் அல்லது பாரிஸ் வழியாக ஒரே டிக்கெட்டில் லிமா வரை போவது நிம்மதி.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? பெரு கேட்பதில்லை என்கிறார்களே.

பெரு கேட்பதில்லை. கேட்பது நம் இந்தியா. பலர் கோட்டை விடும் இடம் இது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்திய சுகாதார அமைச்சகம் வைத்திருக்கும் பட்டியலில் பெரு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கும்போது தடுப்பூசிச் சான்று இல்லையென்றால், ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. நீங்கள் மலைக்கு மட்டும்தான் போனேன், அமேசான் காட்டுப் பக்கம் போகவில்லை என்று சொல்வது எடுபடாது.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இதைப் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. குறிப்பிட்ட நாட்களில் மட்டும், முன்பதிவோடு போடுவார்கள், அதனால் முதலில் நாள் உறுதி செய்துகொண்டு ரயில் ஏறுங்கள். பாஸ்போர்ட் அசலைக் கொண்டுபோக வேண்டும், சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையில் அந்த எண்ணை எழுதுவார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். எனவே கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

நுழைவுச் சீட்டில் 1, 2, 3 என்று என்னென்னவோ இருக்கிறது. எதை எடுப்பது?

2024 ஜூன் முதல் மூன்று சுற்றுப்பாதைகள். ஒரு சீட்டுக்கு ஒரு பாதைதான். ஒருவழிப் பாதை என்பதால் விட்டதைப் பார்க்கத் திரும்பி வர முடியாது. ஆகவே இந்தத் தேர்வு சீட்டின் விலையைவிட முக்கியம்.

பாதை 1 மேல் தளங்களோடு நின்றுவிடும். காலண்டரில் பார்க்கும் அந்தப் படம், கீழே நகரமும் பின்னால் வாய்னா பிச்சு சிகரமும் நிற்பது, அங்கிருந்துதான் கிடைக்கும். ஆனால் நகரத்துக்குள் காலே வைக்க முடியாது. பாதை 2-ல் அந்தப் படமும் கிடைக்கும், கீழே இறங்கி நகருக்குள்ளும் நடக்கலாம். பாதை 3 கீழ்ப் பகுதி வழியாகப் போகும். சூரியக் கோயிலை அருகில் பார்க்கலாம், மேலிருந்து எடுக்கும் படம் கிடைக்காது.

வாழ்க்கையில் ஒரு முறைதான் போகப்போகிறோம் என்பவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றே: பாதை 2. அதில் 2-ஏ, 2-பி என இரண்டு உண்டு, எது கிடைத்தாலும் எடுங்கள். அது தீர்ந்துவிட்டால் பாதை 1-பி, பாதை 3-பி இரண்டையும் ஒரே நாளில் வேறு வேறு நேரத்துக்கு வாங்கலாம், ஆனால் செலவு 304 சோல். வாய்னா பிச்சு சிகரம் ஏறும் 3-ஏ, மச்சு பிச்சு மலை ஏறும் 1-ஏ இரண்டும் 200 சோல். சிகரம் ஏறுகிற ஆசையில் 3-ஏ மட்டும் வாங்கிவிட்டு, அந்தப் படம் எடுக்கும் இடத்துக்கு விடவில்லையே என்று வருந்துபவர்கள் நிறையப் பேர்.

வாங்க வேண்டியது பெரு கலாச்சார அமைச்சகத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும். தேடினால் முதலில் வரும் தளங்கள் பெரும்பாலும் ஏஜென்சிகள், கமிஷன் சேர்த்திருப்பார்கள். இந்தியக் கார்டு ஒரு தடவை மறுக்கப்பட்டால் பேங்க் ஆப்பில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் பெயரில் இனிஷியல் சிக்கல் உண்டு அல்லவா, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே கட்டத்தில் போடுங்கள். சீட்டு வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பழைய பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஆன்லைனில் சீட்டு தீர்ந்துவிட்டது. பயணத்தை ரத்து செய்வதா?

வேண்டாம். தினமும் 1,000 சீட்டுகளை அடிவார ஊரான அகுவாஸ் கலியென்டெஸில் நேரில் விற்கிறார்கள், மறுநாளுக்கு. முதலில் வரிசை எண் தருவார்கள், பிறகு அந்த எண் கூப்பிடும் நேரத்தில் போய்ச் சீட்டு வாங்க வேண்டும். பாஸ்போர்ட் அசல் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மறுநாள் சீட்டும் காலி என்று ஆகி, இன்னொரு இரவு தங்க நேரலாம். எனவே நேரில் வாங்கும் திட்டம் என்றால் அந்த ஊருக்கு இரண்டு இரவுக்குப் பதில் மூன்று இரவு ஒதுக்குங்கள். நல்ல பாதைதான் முதலில் தீரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சேலத்திலிருந்து விமானம் ஏற எப்படிப் போவது?

பெங்களூரு சுமார் 200 கிலோமீட்டர். புதிய பஸ் நிலையத்திலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழி பஸ் எந்நேரமும் உண்டு. பெங்களூரு ஏர்போர்ட் நகரத்தின் வடக்குக் கோடியில், தேவனஹள்ளிப் பக்கம் இருக்கிறது, நாம் நுழைவது தெற்கில். ஊருக்குள் போய்ச் சிக்காமல் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி வாயு வஜ்ரா ஏர்போர்ட் பஸ் பிடிப்பது மலிவு. மாலை நெரிசலில் அந்தக் கடைசித் துண்டுக்கே இரண்டரை மணி நேரம் போகும். சர்வதேச விமானம் என்பதால் புறப்படும் நேரத்துக்குப் பத்து மணி நேரம் முன்னால் சேலத்தை விட்டுக் கிளம்புங்கள்.

லிமாவில் இறங்கிய அன்றே குஸ்கோ விமானம் போடாதீர்கள். ஒரு இரவு தங்கி மறுநாள் போங்கள். லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், பஸ்ஸில் 20 மணி நேரத்துக்கு மேல். மலிவு விமானங்களில் பெட்டிக்குத் தனிக் கட்டணம், அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். கைப்பை ஒன்றோடு பயணம் செய்ய முடிந்தால் விமானம்தான் நல்லது. பஸ் மலிவு என்றாலும் ஒரு நாள் சாப்பாடும் ஓர் இரவும் அதில் போய்விடும்.

ஏற்காடு ஏறிப் பழகியிருக்கிறோம். உயரம் எங்களை என்ன செய்யும்?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். குஸ்கோ 3,400 மீட்டர். விமானத்திலிருந்து இறங்கியவுடன் அந்த உயரத்தில் நிற்பீர்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, படி ஏறினால் மூச்சு வாங்குதல் சாதாரணம். உடல் வலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தினம் பத்து கிலோமீட்டர் ஓடுபவரும் படுத்துவிடலாம்.

மச்சு பிச்சு குஸ்கோவைவிடக் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் தாழ்வு. அதனால் செலவில்லாத வைத்தியம் வரிசையை மாற்றுவது. குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல், பவிடோஸ் தெருவிலிருந்து புறப்படும் ஷேர் வேனில் ஏறி இரண்டு மணி நேரத்தில் 2,800 மீட்டரில் உள்ள ஒயாந்தைதம்போ ஊருக்குப் போய்விடுங்கள். 10 முதல் 15 சோல். இரண்டு இரவு அங்கே. அந்த ஊரின் எதிர்மலையில் பின்குயுனா என்ற இன்கா காலத் தானியக் கிடங்குகள் இருக்கின்றன, பார்க்கக் கட்டணம் இல்லை. மெதுவாக ஏறிப் பாருங்கள். குஸ்கோவைச் சுற்றிப் பார்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு நாள் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், மது வேண்டவே வேண்டாம். அசிட்டசோலமைடு மாத்திரை உதவும், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆபத்து. சேலத்திலேயே மருத்துவரிடம் கேட்டு அளவு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

குஸ்கோவிலிருந்து மச்சு பிச்சுவுக்கு மிகக் குறைந்த செலவில் போகும் வழி?

மச்சு பிச்சுவுக்கு நேராகச் சாலை கிடையாது. கார் போகும் கடைசி இடம், மலைக்குப் பின்பக்கம் உள்ள இத்ரோஎலெக்ட்ரிகா என்ற நீர்மின் நிலையம். அங்கிருந்து ரயில் தண்டவாளத்தின் ஓரமாக சுமார் 10 கிலோமீட்டர் நடந்தால் அகுவாஸ் கலியென்டெஸ்.

காலை ஏழு மணி வாக்கில் குஸ்கோவிலிருந்து வேன் கிளம்பும், வழியில் ஒயாந்தைதம்போவிலும் ஏற்றிக்கொள்வார்கள். ஆறு ஏழு மணி நேரப் பயணம். 4,316 மீட்டர் உயர அப்ரா மலாகா கணவாயைத் தாண்டி மறுபுறம் இறங்க வேண்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலேயே வாந்தி எடுப்பவர்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டு, முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். சாந்தா தெரசா என்ற ஊரைத் தாண்டிய பிறகு பாதை குறுகல், ஒரு பக்கம் பள்ளம். மழை மாதங்களில் இந்த வழி வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பிற்பகல் இரண்டு, இரண்டரைக்கு இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நடை இரண்டரை முதல் மூன்று மணி நேரம், ஏற்றம் மிக மிதமானது. பெருவில் ஆறு மணிக்கு இருட்டிவிடும். வேன் ஒரு மணி நேரம் தாமதமானாலே கடைசி இரண்டு கிலோமீட்டர் இருட்டில்தான். தலையில் மாட்டும் டார்ச் அவசியம், போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். இந்த வழியில் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது, மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்துக்கு நடுவில் கட்டை மேல் கட்டை தாவி நடந்தால் கணுக்கால் போய்விடும். ஓரத்தில் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. ரயில் வரும்போது ஆற்றுப் பாலங்களின் மேல் இருக்காதீர்கள், சத்தம் கேட்டால் ரயில் கடந்த பிறகு பாலத்தில் ஏறுங்கள். ஊருக்கு அருகில் ரயில் சுரங்கம் வரும், அதற்குள் போகாமல் முன்னாலேயே ஆற்றங்கரைச் சாலையில் இறங்கிவிட வேண்டும். புவென்டே ருயினாஸ் என்ற பாலம் தெரியும், மறுநாள் மலை ஏறத் தொடங்குவதும் அங்கேதான்.

திரும்புகாலில் வேன் இரண்டரை, மூன்று மணிக்குக் கிளம்பிவிடும். ஊரிலிருந்து காலை பதினொன்றுக்குள் நடக்க ஆரம்பிக்க வேண்டும். அதனால் நுழைவுச் சீட்டை 6 அல்லது 7 மணிக்கு எடுங்கள். பத்து மணிக்கு மேல் நுழைவு என்றால் அன்றைய வேன் உங்களுக்கு இல்லை, இன்னோர் இரவு தங்கத்தான் வேண்டும். மேலே சொன்ன செலவுக் கணக்கில் இரண்டு இரவு போட்டிருப்பது இந்த நெருக்கடி வேண்டாம் என்பதற்காகவே.

அப்படியானால் ரயில் யாருக்கு?

முழங்கால் வலி உள்ளவர்கள், பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், மழைக்காலத்தில் போகிறவர்கள். ஒயாந்தைதம்போவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு வழிக்கே 60 டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. உள்ளூர் மக்களுக்கான மலிவு ரயிலில் வெளிநாட்டினரை ஏற்ற மாட்டார்கள். நடுவழியாக ஒரு யோசனை: போகும்போது வேன், திரும்பும்போது மாலை ரயில். மலை இறங்கிய களைப்பில் மறுபடி 10 கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை.

அடிவாரத்திலிருந்து மேலே பஸ்ஸா, படியா?

பஸ் வெளிநாட்டினருக்கு ஒரு வழி 12 டாலர், அரை மணி நேரம். நடந்தால் செலவில்லை. ஊரிலிருந்து பாலம் வரை 25 நிமிடம், பாலத்திலிருந்து சுமார் 1,700 கல்படிகள், கிட்டத்தட்ட 400 மீட்டர் ஏற்றம். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். பாலத்தின் சோதனைச் சாவடி காலை ஐந்துக்குத் திறக்கும், சீட்டையும் பாஸ்போர்ட்டையும் அங்கேயே பார்ப்பார்கள். ஆறு மணி நுழைவுக்குப் படி ஏறிப் போவது இழுபறிதான், படி ஏறுபவர்கள் ஏழு மணிக்கு எடுப்பது நல்லது. அரை மணிக்கு மேல் தாமதமானால் வாசலில் சிக்கல்.

பயிற்சிக்குக் கொல்லிமலை ஆகாய கங்கை மிகப் பொருத்தம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அங்கே இறங்கிவிட்டு ஏற வேண்டும், இங்கே ஏறிவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம், வாரம் ஒரு முறை முதுகில் ஐந்து கிலோ பையோடு ஏறுங்கள். சங்ககிரிக் கோட்டை ஏறினாலும் சரி. கையில் காசு கொஞ்சம் இருந்தால் ஏறும்போது பஸ் எடுங்கள், இறங்கும்போது நடங்கள். உள்ளே நுழையும்போது உடம்பு புதிதாக இருந்தால்தான் கண் எதையும் பார்க்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் இதைத் தலைகீழாக்குங்கள், இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும்.

உள்ளே என்ன கொண்டுபோகக் கூடாது?

40 x 35 x 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பை, டிரைபாட், செல்ஃபி ஸ்டிக், டிரோன், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், சாப்பாடு. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகலாம். குடைக்குப் பதில் மழைக்கோட்டு. உள்ளே கழிப்பறை கிடையாது, வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. வாசலுக்கு வெளியே 2 சோல் கட்டணக் கழிப்பறை இருக்கிறது, சில்லறையோடு போய் முடித்துவிட்டு நுழையுங்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத பொடிப் பூச்சிகள் அங்கே கடிக்கும், அரிப்பு ஒரு வாரம் போகாது. முழுக்கால் சட்டையும் கொசு மருந்தும் அவசியம்.

வழிகாட்டி இல்லாமல் பார்த்தால் புரியுமா? எதைக் கவனிக்க வேண்டும்?

வாசலில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வழிகாட்டியைப் பகிர்ந்துகொள்ளலாம், அதுதான் மலிவு. தனியாகப் போனாலும் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போனால் கல்லெல்லாம் பேசும்.

முதலில் மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களைப் பாருங்கள். இவை பயிருக்கு மட்டும் கட்டியவை அல்ல. ஆண்டுக்கு சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் இடத்தில் நகரம் சரிந்து விழாமல் காப்பவை இவையே. மேலே மண், அதன் கீழே மணலும் சரளையும், அடியில் பெரிய கற்கள். மழைநீர் வடிந்து இறங்கிவிடும், மண் ஊறிக் கனத்துச் சரியாது. இந்த நகரத்தின் கட்டுமான உழைப்பில் பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது என்று ஆய்வு செய்த பொறியாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

அடுத்து சுவர். சாதாரண வீடுகளில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண் சாந்து இருக்கும். கோயில் சுவர்களில் சாந்தே கிடையாது, கருங்கல்லைச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். எது யாருக்கான கட்டடம் என்பதை இந்த வேறுபாடே சொல்லிவிடும். சுவர்கள் லேசாக உட்பக்கம் சாய்ந்திருக்கும், வாசலும் மாடமும் மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும். பூகம்பத்தில் நிற்பதற்கு இது உதவுகிறது. அங்கே உளி இருந்தது, ஆனால் இரும்பு இல்லை. கல்லை உடைக்கக் கடினமான கல்லும் வெண்கலமும்தான் கருவி. பாதை 2-ல் போகும்போது கல் வெட்டிய இடத்தையே பார்க்கலாம், பாதி வேலையில் நின்ற பாறைகள் அப்படியே கிடக்கும்.

ஊற்றிலிருந்து சுமார் 750 மீட்டர் நீளக் கால்வாய் தண்ணீரைக் கொண்டுவந்து 16 தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விடுகிறது. முதல் தொட்டி அரசரின் இருப்பிடத்தை ஒட்டி இருப்பதைக் கவனியுங்கள். இன்னும் தண்ணீர் ஓடுகிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்கம் 1911 ஜூலை 24 அன்று இதைக் ‘கண்டுபிடித்தார்’ என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அவர் ஏறி வந்தபோது அந்த வயல்களில் உள்ளூர் விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. அவர்தான் உலகுக்குத் தெரியப்படுத்தினார் என்று சொல்வதே சரி.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்கத் தெரிய வேண்டும். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ’ என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் வேண்டாம். ‘கார்னே’ வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும். காய்கறி சூப் என்று இருப்பதிலும் கோழிச்சாறு இருப்பது வழக்கம். குஸ்கோவின் சான் பெத்ரோ சந்தையில் 10 முதல் 15 சோலுக்கு மதியச் சாப்பாடு, பழச்சாறு, சீஸோடு அவித்த சோளம் எல்லாம் உண்டு. சீன உணவகங்கள் எங்கும் இருக்கின்றன, முட்டை சாப்பிடுபவர்களுக்கு அங்கே ஃபிரைடு ரைஸ் கைகொடுக்கும். அகுவாஸ் கலியென்டெஸில் எல்லாமே விலை அதிகம், பிஸ்கெட், ரொட்டி, வேர்க்கடலையைக் குஸ்கோவிலேயே வாங்குங்கள்.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரவா உப்புமா மிக்ஸ் பாக்கெட் பிரிக்காமல் பெட்டியில் போடலாம், இறங்கும் படிவத்தில் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள். மே மாதம் போகிறோமே என்று சேலத்து மாம்பழம் கட்டிக்கொண்டு போகாதீர்கள், பழம், விதை, செடி எதையும் விட மாட்டார்கள். ஹாஸ்டல் சமையலறையில் சோறு வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: குஸ்கோ உயரத்தில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி லேசில் வேகாது. அரை மணி ஊறவைத்து, வழக்கத்தைவிடக் கால் பங்கு தண்ணீர் கூடுதலாக வையுங்கள்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

யுபிஐ அங்கே உதவாது. ஒரு ஃபாரெக்ஸ் கார்டு, மாற்றாக வெளிநாட்டுப் பயன்பாடு திறந்த ஒரு டெபிட் கார்டு, கொஞ்சம் டாலர். டாலர் நோட்டில் சின்னக் கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இருந்தால் அங்கே வாங்க மாட்டார்கள், சேலத்தில் மாற்றும்போதே நோட்டு நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஏடிஎம் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும், அடிக்கடி கொஞ்சமாக எடுப்பதைவிட ஒரே தடவை எடுப்பது லாபம். அடிவார ஊர் போகும் முன் குஸ்கோவிலேயே எடுத்துவிடுங்கள், பத்து, இருபது சோல் நோட்டாக.

இன்கா டிரெயிலில் நடந்தே போவது மலிவு இல்லையா?

இல்லை. நான்கு நாள் இன்கா பாதைக்கு அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி கட்டாயம், சுமைதூக்கிகளையும் சேர்த்து நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, பிப்ரவரியில் மூடியிருக்கும். செலவு ரயிலைவிடப் பல மடங்கு. கூடாரமும் மலை அனுபவமும் உள்ளவர்கள் அனுமதி தேவையில்லாத சல்கந்தாய் பாதையில் நடக்கலாம், ஆனால் 4,600 மீட்டரைத் தாண்டும் கணவாய் அது. முதல் பயணத்தில் வேண்டாம்.

போராட்டம், மறியல் என்று செய்தி வருகிறதே?

வரும். 2023-ன் தொடக்கத்தில் அரசியல் போராட்டத்தால் மச்சு பிச்சுவையே சில வாரங்கள் மூடினார்கள். தண்டவாளத்தில் கல் போட்டு ஓரிரு நாள் மறிப்பது அவ்வப்போது நடக்கும். அதனால் மச்சு பிச்சுவைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். லிமா திரும்பும் விமானத்துக்கும் மலை இறங்கும் நாளுக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் விடுங்கள். எதுவும் நடக்காவிட்டால் அந்த இரண்டு நாளில் குஸ்கோ பார்க்கலாம். நடந்தால் ஒன்றரை லட்ச ரூபாய் டிக்கெட் தப்பும்.

வரும்போது கோகா டீத்தூள் வாங்கி வரலாமா?

கூடவே கூடாது. மலைநோய்க்கு அங்கே எல்லா விடுதியிலும் கோகா இலைத் தேநீர் கொடுப்பார்கள், பெருவில் அது சட்டப்படி சரி. இந்தியாவில் கோகா இலை போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. டீ பேக், மிட்டாய், பொடி எதுவானாலும் பெட்டியில் இருக்கக் கூடாது. விமானம் மாறும் நாடுகளிலும் இதே சிக்கல் உண்டு. குஸ்கோவை விட்டுக் கிளம்பும் முன் பையின் பக்கவாட்டு ஜிப்புகள் வரை திறந்து பாருங்கள், விடுதியில் கொடுத்த ஒரு டீ பேக் அங்கேதான் கிடக்கும்.